முகவெட்டும் முடிவெட்டும்

தைப்பூசம் முடிந்த வாரத்தில் திருப்பூர் பனியன் கம்பெனி வாசல்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பழனிக்கு நடந்துபோய் மொட்டை போட்டுத் திரும்பியவர் காலை ஷிப்டுக்கு வருவார். வாசலில் இருக்கும் செக்யூரிட்டி, "யாருங்க நீங்க, எந்த செக்‌ஷன்ங்க?" என்று நிறுத்துவார். ஆறு மாதமாகத் தினமும் பார்த்த ஆளைத்தான் நிறுத்துகிறார். உள்ளே ஓவர்லாக் மிஷினில் பக்கத்து இருக்கைக்காரரோ தலை நிமிர்ந்த நொடியிலேயே, "பஞ்சாமிர்தம் எங்கடா மாப்ள?" என்பார். வீட்டில் அம்மாவுக்கு அந்த நொடிகூடத் தேவைப்பட்டிருக்காது.

எல்லோரும் பார்த்தது ஒரே முகத்தைத்தான். ஆனால் மூளை அதை இரண்டு விதமாகப் படிக்கிறது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்லிஸ், ஷெப்பர்டு, டேவிஸ் ஆகிய மூவரும் 1979ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நன்கு தெரிந்த முகங்களை அடையாளம் காண, கண், மூக்கு, வாய் அடங்கிய நடுப்பகுதிதான் கூடுதலாக உதவியது. தெரியாத முகங்களில் நடுப்பகுதிக்கு அந்த முன்னுரிமை கிடைக்கவில்லை. முடியும் தலையின் வெளிக்கோடும் அதற்குச் சமமாக நின்றன. மொட்டை போட்டவரிடமிருந்து பறிபோனது அந்த வெளிக்கோடு. அதனால்தான் செக்யூரிட்டி தடுமாறினார், நண்பர் தடுமாறவில்லை.

டெல்லி ஐஐடியில் படித்து அமெரிக்காவின் எம்ஐடியில் மூளை அறிவியல் ஆராயும் பவன் சின்ஹா, தொமாசோ போஜியோவுடன் சேர்ந்து 1996ல் 'நேச்சர்' இதழில் ஒரு படத்தை வெளியிட்டார். அன்றைய அமெரிக்க அதிபர் கிளிண்டனும் துணை அதிபர் அல் கோரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம். பார்த்தவர்கள் இருவரையும் சட்டென்று பெயர் சொன்னார்கள். உண்மையில் கோரின் முகத்தில் இருந்த கண், மூக்கு, வாய் எல்லாமே கிளிண்டனுடையவை, கணினியில் ஒட்டப்பட்டவை. முடியையும் தலையின் வடிவத்தையும் மட்டும் மாற்றவில்லை. அது போதுமானதாக இருந்தது.

சலூன் நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் இந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். நம்மை அதிகம் அறியாதவர் கண்ணுக்கு முடிதான் முகத்தின் எல்லைக்கோடு. 'என் முகத்துக்கு எந்த கட்டிங் பொருந்தும்?' என்று கேட்பவர், 'என் முகத்துக்கு எந்த எல்லைக்கோட்டை வரையலாம்?' என்றுதான் கேட்கிறார்.

இந்தக் கேள்விக்குச் சலூன் சுவர்களில் தொங்கும் பதில் ஒரு அட்டவணை. வட்டம், சதுரம், நீளம், முட்டை, இதயம், வைரம் என்று ஆறேழு முகங்கள் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு கட்டிங் போட்டிருக்கும். படம் அழகாக இருக்கும். ஆனால் உயிருள்ள முகங்கள் அப்படிப் பெட்டி பெட்டியாகப் பிரிந்து நிற்பதில்லை. வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவில் ஆயிரம் படிகள் இருக்கின்றன. நம்மில் பெரும்பாலோர் அந்தப் படிகளில் எங்கோ ஒன்றில்தான் நிற்கிறோம்.

முகத்தை அளந்து பெட்டியில் அடைக்கும் ஆசைக்கு நம் மண்ணில் கசப்பான வரலாறும் உண்டு. 1885ல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்த எட்கர் தர்ஸ்டன், அளவுக் கருவிகளோடு தென்னிந்தியாவைச் சுற்றி மக்களின் தலைகளையும் மூக்குகளையும் அளந்தார். சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவருடைய நூல் 1909ல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. மூக்கின் அகலத்தைக் கொண்டு ஒரு சமூகத்தையே வகைப்படுத்தலாம் என்ற அந்தக் காலத்து நம்பிக்கை பிழையானது. எந்தக் கூட்டத்துக்குள்ளும் அளவுகள் பரவிக் கிடக்கும். ஒரு கூட்டத்தின் அளவு இன்னொன்றின் மேல் ஏறிக் கிடக்கும். கல்கத்தாவில் புள்ளியியலாளர் பி.சி. மகலனோபிஸ் இத்தகைய உடலளவுகளோடு மல்லுக்கட்டித்தான், பல அளவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து எப்படி மாறுகின்றன என்பதையும் கணக்கில் எடுக்கும் ஒரு வழியை 1936ல் உருவாக்கினார். இன்று உலகம் முழுவதும் புள்ளியியலில் 'மகலனோபிஸ் தொலைவு' என்று வழங்குவது அதுதான். முடிவெட்டுக்கும் அதே பாடம் பொருந்தும். முகம் வட்டமா சதுரமா என்று ஒரே சொல்லில் முடிக்கக் கூடாது. நான்கு அளவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: நெற்றியின் அகலம், கன்ன எலும்பின் அகலம், தாடையின் அகலம், முடி தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரை நீளம்.

திருப்பூரில் இன்ச் டேப் இல்லாத வீடு அரிது. ஆனாலும் டேப்பை முகத்தின் மேல் வளைத்து அளந்தால் கணக்குத் தப்பும், ஏனென்றால் பார்ப்பவர் கண்ணில் விழுவது வளைவு நிமிர்ந்த நீளம் அல்ல. செக்கிங்கில் டி-ஷர்ட்டை டேபிளில் தட்டையாக விரித்துத்தானே அளக்கிறோம். முகத்தையும் தட்டையாக்கி அளக்க வேண்டும். அதற்கு ஒரு போட்டோ போதும். முடியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, நேராகப் பார்த்து நின்று, இன்னொருவரை 2 மீட்டர் தள்ளி நின்று கண் மட்டத்திலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும். பிறகு படத்தின் மேலேயே அளக்கலாம். எத்தனை சென்டிமீட்டர் என்பது முக்கியமல்ல, விகிதம்தான் முக்கியம்.

செல்ஃபியை மட்டும் இதற்கு நம்பக் கூடாது. போனுக்கும் முகத்துக்கும் இடையே 12 அங்குலம் இருந்தால், தொலைவிலிருந்து எடுத்த படத்தைவிட ஆணின் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018ல் அமெரிக்க முக அறுவை மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். கேமராவுக்கு அருகில் இருக்கும் மூக்கு பெருக்கும், பின்னால் இருக்கும் காதும் கன்னப்பக்கமும் ஒடுங்கும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, 'முகம் ஒல்லி, மூக்கு பெருசு' என்று கவலைப்படும் தம்பிகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. குறை அவர்கள் முகத்தில் இல்லை, கை நீளத்தில் இருக்கிறது.

கண்ணாடியும் முழு உண்மையைச் சொல்வதில்லை. அது இடம் வலத்தை மாற்றிக் காட்டுகிறது. 1977ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், தங்கள் படங்களில் கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டிய படத்தையே பலரும் விரும்பினார்கள். அவர்களுடைய நண்பர்களோ புரட்டாத படத்தை விரும்பினார்கள். அவரவருக்குப் பழகிய முகம்தான் அவரவருக்கு அழகு. வகிடு எந்தப் பக்கம் என்று முடிவெடுக்கும்போது வீட்டில் ஒருவரைக் கேட்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி எல்லைக்கோட்டின் கணக்குக்கு வருவோம். ஒருவருடைய கன்ன அகலம் 14 செ.மீ., முக நீளம் 19 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டு முடி இருபுறமும் 1 செ.மீ. புடைத்து, மேல்முடி 2 செ.மீ. உயர்ந்து நின்றால் மொத்தச் சட்டம் 16க்கு 21. நீளம் அகலத்தைப்போல் சுமார் 1.3 மடங்கு. அதே ஆள் பக்கத்தை மிஷின் வைத்து 2 மில்லிமீட்டருக்கு இறக்கி, மேலே 4 செ.மீ. உயரம் விட்டால் சட்டம் 14.4க்கு 23. இப்போது 1.6 மடங்கு. முகத்தில் ஒரு எலும்புகூட நகரவில்லை, ஆனால் முகம் இளைத்து நீண்டுவிட்டது. வட்ட முகத்துக்கு 'சைடு குறைச்சு மேல தூக்கி' என்று சொல்வதன் முழு ரகசியமும் இந்த வகுத்தல் கணக்குதான்.

ஆனால் கண் வெறும் ஸ்கேல் கிடையாது. இதைத் திருப்பூருக்கு ஒரு கோடு போட்ட டி-ஷர்ட்டை வைத்தே விளக்கலாம். குறுக்குக்கோடு போட்டால் ஆள் பருமனாகத் தெரிவார், நெடுக்குக்கோடு போட்டால் ஒல்லியாகத் தெரிவார் என்று கடைக்காரர் முதல் கல்லூரி மாணவர் வரை எல்லோரும் சொல்வார்கள். ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867லேயே இதற்கு நேரெதிராக எழுதிவைத்தார். குறுக்குக்கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியும். நெடுக்குக்கோடுகள் நிரம்பிய அதே அளவுச் சதுரம் அகலமாகத் தெரியும். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் தாம்ப்சனும் மிக்கெலிடூவும் 2011ல் இதை உடைகளில் சோதித்தபோது ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்னதே சரி என்று தெரிந்தது. குறுக்குக்கோட்டுச் சதுரத்தின் உயரத்துக்கு இணையாகத் தெரிய, நெடுக்குக்கோட்டு வடிவத்தை 7.1 சதவீதம் உயர்த்த வேண்டியிருந்தது. துணி வைத்துப் பிழைக்கும் ஊரே நம்பிய விதி தலைகீழாக இருக்கும்போது, முடிவெட்டில் 'எல்லோருக்கும் தெரிந்த' விதிகளையும் கண்ணால் சோதித்தே ஏற்க வேண்டும்.

இதே தாம்ப்சன்தான் 1980ல் மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்ணையும் வாயையும் மட்டும் தலைகீழாகத் திருப்பி ஒட்டி உலகை வியக்கவைத்தவர். படம் முழுவதையும் தலைகீழாகப் பிடித்தால் அதில் ஒரு கோளாறும் தெரியாது. நிமிர்த்தினால் முகம் கோரமாக இருக்கும். நிமிர்ந்த முகத்தை மூளை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் படிப்பதில்லை, ஒரே வீச்சில் முழுதாகப் படிக்கிறது என்பதற்கு அது சான்று. 'எனக்கு மூக்குதான் பிரச்சினை' என்று ஓர் உறுப்பை மட்டும் மறைக்க முடி வளர்ப்பவர்களுக்கு அது ஏன் கைகொடுப்பதில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். சட்டம் மாறினால் உள்ளே இருப்பது முழுவதும் வேறாகப் படிக்கப்படும்.

அப்படியானால் யாருக்கு எது? வட்ட முகத்தைச் சொல்லியாயிற்று. அகன்ற தாடை உள்ளவர்கள் பக்கத்தை முழுவதும் மழித்தால் தாடை இன்னும் துருத்தும். காதுக்கு மேல் கொஞ்சம் முடி நிற்பது அதைச் சமன்படுத்தும். நெற்றி அகன்று மோவாய் ஒடுங்கியவர்களுக்கு, ட்ரிம் செய்த தாடி கீழே கொஞ்சம் அகலம் சேர்க்கும். நான் அதிகம் கவலைப்படுவது நீண்ட, ஒல்லியான முகங்களுக்காக. இன்றைய ஃபேட் கட்டிங், பக்கம் முழுவதும் வெளுத்து உச்சி மட்டும் நிமிர்ந்து நிற்பது, வட்ட முகத்துக்கு வந்த வரம். அதையே ஒல்லி முகத்துக்குப் போட்டால் 1.4ல் இருந்த விகிதம் 1.7, 1.8 என்று போய்விடும், கன்னம் இன்னும் ஒட்டிப்போகும். இவர்களுக்குக் கத்திரியால் பக்கத்தை லேசாக மட்டும் குறைத்து, முன்முடியை நெற்றியில் சற்று விழவிட்டு, கிருதாவைக் காதின் நடுவோடு நிறுத்துவது பொருந்தும். நெற்றியில் விழும் முடி முகத்தின் நீளத்திலேயே 2 செ.மீ.யைக் கழித்துவிடுகிறது.

கட்டிங் மாஸ்டர்களிடம் கேட்டால் ஒன்று சொல்வார்கள்: பேட்டர்ன் எவ்வளவு சரியாக இருந்தாலும் துணி ஒத்துழைக்க வேண்டும். அட்டவணைகள் மறப்பது இதைத்தான். என் பார்வையில், முக வடிவத்தைவிட முடியின் குணமே பாதி முடிவை எடுத்துவிடுகிறது.

முதலில் சுழி. உச்சிக்குப் பின்னால் முடி சுழன்று புறப்படும் அந்தப் புள்ளி, நாம் கருவில் இருக்கும்போதே அமைந்துவிடுகிறது. பெரும்பாலோருக்கு அது வலஞ்சுழி. சுழி போகும் போக்குக்கு எதிராக வகிடு எடுத்தால் எத்தனை ஜெல் தடவினாலும் மத்தியானத்துக்குள் முடி தன் வழிக்குத் திரும்பிவிடும். சுழி இருக்குமிடத்தில் முடியை ஒட்ட வெட்டினால் அது குத்திட்டு நிற்கும். அங்கே ஒரு விரல் நீளம் கூடுதலாக விட்டால் தன் எடையிலேயே படியும். இரட்டைச் சுழிக்காரருக்கு இரண்டு கல்யாணம் என்று பாட்டிகள் சொல்வதை விட்டுவிடலாம். ஆனால் இரண்டு சுழிக்கு இடையில் முடி மோதிக்கொண்டு எழும் என்பதைச் சலூன்காரரிடம் வெட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து சுருக்கம். நிட்டிங் முடிந்து, டையிங், காம்பேக்டிங் ஆகி வரும் துணியை அப்படியே வெட்டினால் அளவு தப்பும் என்று, பிரித்துப்போட்டு இளகவிட்டு, தண்ணீரில் எவ்வளவு சுருங்கும் என்பதற்கும் இடம் விட்டுத்தான் மாஸ்டர் வெட்டுவார். சுருட்டை முடியும் அப்படித்தான். ஸ்ப்ரே அடித்து ஈரமாகச் சீவும்போது நீண்டு நேராகத் தெரியும். காய்ந்ததும் ஸ்பிரிங்போல ஏறிக்கொள்ளும். ஈரத்தில் நெற்றி வரை வந்த முடி காய்ந்தபின் பாதி நெற்றியில் நிற்கும். சுருட்டை முடிக்காரர்கள் தலையைக் காயவைத்து வெட்டச் சொல்வதில் தயங்க வேண்டியதில்லை.

முடி கெரட்டின் என்ற புரதம், பருத்தி செல்லுலோஸ். இரண்டும் வேறு வேறு பொருள்கள். ஆனால் இரண்டின் வடிவத்தையும் தற்காலிகமாகப் பிடித்துவைப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். நீர் பட்டால் அவை அவிழும், காயும்போது அந்த நேரத்து வடிவத்தில் மறுபடி பூட்டிக்கொள்ளும். அயர்ன் மாஸ்டர் நீராவியை விட்டு அழுத்திச் சூட்டில் காயவைத்ததும் பனியனின் மடிப்பு போய்விடுவது இதனால்தான். பல்லடம் ரோட்டில் பைக் ஓட்டி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் தலை அமுங்கிக் கிடப்பதும் இதே வேலைதான்: வியர்வை ஈரம், மேலிருந்து அழுத்தம், பிறகு காய்வது. அதைச் சீப்பால் மட்டும் சரிசெய்ய முடியாது. உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து வேர்ப்பகுதியை நனைத்துவிட்டு, விரலால் தூக்கிவிட்டுக் காயவிட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில், காற்றாலைகள் சுற்றும் இந்த ஊரில், 5 செ.மீ. உயரத்துக்கு நிமிர்த்திய முடி பஸ் ஸ்டாண்டு தாண்டுவதற்குள் சாயும். தினமும் பைக்கில் போகிறவர் அழுத்தம் தாங்கும் நீளத்தை, 3 செ.மீ. அளவை, மேலே விட்டுக்கொள்வது உத்தமம்.

எண்ணெயும் கணக்கில் வரும். தேங்காய் எண்ணெய் முடியிழைக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்பது ஆய்வில் உறுதியானது. பாட்டியின் கை வீண்போகவில்லை. ஆனால் பகலில் வழிய வழியத் தடவினால் இழைகள் ஒட்டிக்கொண்டு மேல் உயரம் போய்விடும், வட்ட முகம் மறுபடி வட்டமாகும். இரவில் தடவிக் காலையில் அலசுவதே இரண்டுக்கும் ஏற்ற வழி.

போர்வெல் உப்புத்தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் திருப்பூரில் முடியைப் பற்றி எழுத முடியாது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாக இழையில் ஒட்டும். முடி சொரசொரப்பாகும், சிக்கும். சாயப்பட்டறைக்காரர்கள் தண்ணீரை மென்மையாக்கிய பிறகே சாயம் ஏற்றுவதற்கும் இந்தப் படிவுத் தொல்லை ஒரு காரணம். தலைக்குச் சோப்புக்குப் பதில் ஷாம்பூ, கடைசிச் சொம்பு மட்டும் நல்ல தண்ணீர் என்றால் பாதித் தொல்லை குறையும். ஆனால், 'உப்புத்தண்ணியில குளிச்சே வழுக்கை விழுந்துருச்சு' என்று சொல்வது சரியல்ல. ஆண்களுக்கு நெற்றி ஏறுவதும் உச்சி வெளுப்பதும் பெரும்பாலும் மரபாலும், டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கு வேர்க்கால்கள் காட்டும் உணர்வாலும் வருவது. அதற்குத் தோல் மருத்துவரிடம் சிகிச்சை உண்டு, சீக்கிரம் போனால் பலனும் கூடுதல். இருபத்திரண்டு வயதுப் பையன் வாரச் சம்பளத்தில் பாதியை ஏதோ ஒரு தைலத்துக்குக் கொடுப்பது எனக்குத் தாங்கவில்லை. இடையில் கட்டிங்கில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: முடியைக் குட்டையாக்குவது. அடர்ந்த கருப்புக்கும் தெரியும் தோலுக்கும் உள்ள மாறுபாடுதான் வழுக்கையைக் கண்ணுக்கு இழுத்துக் காட்டுகிறது. சுற்றியுள்ள முடியை மிஷினில் மூன்றாம் நம்பருக்கு இறக்கினால் அந்த மாறுபாடு தணியும். மிச்சத்தை நீளமாக வளர்த்துக் குறுக்கே சீவி மூடினால் அது கூடும்.

இந்த 'நம்பர்' கணக்கும் காலக் கணக்கும் சேர்ந்தது. மிஷினில் ஒன்றாம் நம்பர் 3 மில்லிமீட்டர், இரண்டு 6, மூன்று சுமார் 10. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். ஒன்றாம் நம்பரில் வெட்டிய பக்கம் பத்து நாளுக்குள் இரண்டாம் நம்பராகிவிடும், இருமடங்கு. மேலே விட்ட 8 செ.மீ. முடியோ ஒரு மாதம் கழித்தும் 9தான். ஃபேட் சீக்கிரம் கலைவதும், கத்திரி கட்டிங் நாள்பட நிற்பதும் இதனால். சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் சலூனில் வரிசையில் உட்கார முடிகிறவர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வர முடியுமா என்று யோசித்துவிட்டே ஃபேட் கேட்க வேண்டும். முடியாதென்றால் பக்கத்தில் மூன்றாம் நம்பரோ கத்திரியோ போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சலூன்களில் இன்று தமிழோடு இந்தியும் கேட்கிறது, நாற்காலியில் உட்காருபவர் பேச்சிலும், சில கடைகளில் கத்திரி பிடிப்பவர் பேச்சிலும். பேச்சு ஒத்துப்போகாத இடத்தில் போனில் ஒரு நடிகர் படத்தை நீட்டுவதே மொழியாகிவிட்டது. படம் காட்டுவது நல்லதுதான். ஆனால் உங்கள் முகத்தைப் போன்ற முகமும் உங்கள் முடியைப் போன்ற முடியும் உள்ளவரின் படமாக அது இருக்க வேண்டும். அதைவிட நல்லது, முன்பு நமக்கே நன்றாக அமைந்த ஒரு கட்டிங்கின் படம், முன், பக்கம், பின் என்று மூன்று. கம்பெனியில் ஆர்டர் ஓடுவதற்கு முன் ஃபிட் சாம்பிள் போட்டு ஒப்புதல் வாங்குகிறோமே, அதுபோல் முதல் தடவை ஒரு சுற்று நீளமாகவே வெட்டச் சொல்லி, எழுந்து நின்று, நான்கு அடி தள்ளிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, 'இன்னும் கொஞ்சம் குறைங்கண்ணா' என்று சொல்லலாம். குறைத்ததைக் கூட்டத்தான் யாராலும் முடியாது.

இதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்க ஆசைப்படுபவர்களுக்குப் பழனி மொட்டை நல்ல வாய்ப்பு. மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக முளைக்கும் என்பது மட்டும் நடக்காது. சவரம் முடியின் தடிமனையோ வேகத்தையோ கூட்டுவதில்லை என்று 1928லேயே ஆய்வாளர் மில்ட்ரெட் டிராட்டர் அளந்து காட்டிவிட்டார்; வெட்டுப்பட்ட நுனி மழுங்கி இருப்பதால்தான் தடவும்போது தடித்ததுபோல் தெரிகிறது. ஆனால் மொட்டைத் தலையில் பிடரியின் மேடும், காதுக்கு மேலுள்ள அகலமும், நெற்றிக்கோட்டின் ஏற்ற இறக்கமும் ஒளிவுமறைவின்றித் தெரியும். சந்தனம் காய்ந்து உதிர்ந்த பத்தாம் நாள், 3 மில்லிமீட்டர் முடியில், சுழி எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை ஒரு கண்ணாடியை முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலும் பிடித்துப் பார்க்கலாம். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், சித்திரை பிறந்து முடி 2 செ.மீ.யைத் தாண்டி முதல் கட்டிங்குக்கு உட்காரும்போது, சலூன் அண்ணனிடம் விரல் வைத்துக் காட்ட அது உதவும்.